மறு: டிரெய்லிங் பிளான்ட்: தொங்குகொடியா, படர்கொடியா?

> வீட்டுச்செடி வளர்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். மணி பிளான்ட் போன்ற ‘டிரெய்லிங்’ செடிகளைத் தொங்குகொடி எனலாமா? படர்கொடி என்றும் ஒருவர் சொல்கிறார்.

அன்பு நண்பர்களுக்கு,

படர்கொடி வேண்டாம். பூசணியும் தர்பூசணியும் தரையில் ஓடுவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. தொங்குகொடி நல்ல சொல். கேட்டதும் புரிகிறது. ஆனால் மணி பிளான்ட்டை அதற்குள் அடைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அது தொங்கப் பிறந்த செடியே இல்லை. பிரெஞ்சு பாலினேசியாவின் மோரியா தீவு அதன் தாயகம். தரையில் ஊர்ந்து போய், மரம் தட்டுப்பட்டால் பற்றி ஏறிவிடும். ஏற ஏற இலை முறம்போல் அகன்று, ஓரம் கிழிந்து, ஆளே மாறிவிடும். நம்மூர்ப் பூங்காக்களில் பெரிய மரங்களைச் சுற்றி ஏறியிருப்பதைப் பார்த்து, வேறு ஏதோ செடி என்று நினைப்பவர்கள் உண்டு. சன்னலோரம் உள்ளங்கை அளவு இலை விடுவதும் அதே கொடிதான்.

கணுவை உற்றுப் பாருங்கள். இலைக்காம்புக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு சின்ன முண்டு இருக்கும். அதுதான் பற்றுவேர். ஈரமான தென்னைநார்க் கம்பம் பட்டால் சில வாரங்களில் நீண்டு ஒட்டிக்கொள்ளும். வெற்றிலைக்கும் இதே ஏற்பாடுதான். கொடிக்காலில் அகத்தியைப் பற்றி ஏறுகிற வெற்றிலையை யாராவது தொங்குகொடி என்போமா?

(பெயர் வைப்பதில் நாம் மட்டும் திணறவில்லை. இந்தச் செடியைத் தாவரவியலார் 1880-ல் போத்தோஸ் பேரினத்தில் வைத்தார்கள், 1962-ல் ரஃபிடோஃபோராவுக்கு மாற்றினார்கள், 1964-ல் எபிப்ரெம்னத்துக்குக் கொண்டுபோனார்கள். பூ வைத்துத்தான் இனம் பிரிக்க வேண்டும். இது பூப்பதோ, இல்லவே இல்லை என்கிற அளவுக்கு அரிது. பூக்கத் தேவையான ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோன் செடிக்குள் சரிவர உருவாகாததே காரணம் என்று 2016-ல் வந்த ஆய்வு சொன்னது. நர்சரிக்காரர்கள் பலர் இன்னும் போத்தோஸ் என்றே விற்கிறார்கள்.)

ஆகவே என் பரிந்துரை: பற்றுவேரோ பற்றுக்கம்பியோ இன்றி, இயல்பாகவே கீழே வழிந்து வளர்வது மட்டும் தொங்குகொடி. தென்னாப்பிரிக்கப் பாறைகளிலிருந்து தொங்கும், இதய வடிவ இலை கொண்ட செரோபீஜியா அதற்குப் பொருத்தமான சான்று. மணி பிளான்ட், சிங்கோனியம், ஃபிலோடென்ட்ரானில் ஏறும் வகைகள் எல்லாம் பற்றுகொடி. அவற்றைத் தொட்டியிலிருந்து வழியவிட்டால் அது தொங்கல் வளர்ப்பு. கம்பம் நட்டால் ஏற்று வளர்ப்பு.

> இத்தனை நுணுக்கம் வாசகருக்கு எதற்கு? தூங்குதல் என்றால் தொங்குதல்தானே, தூங்கணாங்குருவிபோல. ‘தூங்குகொடி’ அழகாக இருக்கிறது.

அழகுதான், ஐயா. ஆனால் இன்றைக்குப் படிப்பவருக்குத் தூங்குமூஞ்சி மரம்தான் நினைவுக்கு வரும். சாயங்காலம் இலை மூடும் செடி என்று எடுத்துக்கொள்வார்.

நுணுக்கம் பராமரிப்புக்கே தேவைப்படுகிறது. தொங்குகொடி என்று படித்தவர் கம்பம் நடவே மாட்டார். கொடி கீழே இறங்க இறங்க இலை சிறுத்து, வெளிச்சமும் குறைந்தால் கணுவிடை நீண்டு, தொட்டிப் பக்கம் மொட்டையாகும். உரம் போதவில்லை என்று நினைத்து அள்ளிப் போடுவார். பற்றுகொடி என்று தெரிந்தவர் கம்பம் நடுவார். தொங்கல்தான் வேண்டும் என்றால் நீண்ட கொடியை வெட்டி, போத்தாக்கி (நடுவதற்கான துண்டாக்கி), அதே தொட்டியில் செருகி அடர்த்தியாக்குவார். போத்தில் ஒரு கணுவாவது இருக்க வேண்டும். வெறும் இலையைக் காம்போடு தண்ணீரில் வைத்தால் வேர் வந்தாலும் வரும், தளிர் வராது.

கையேட்டில் இப்படிப் போட்டுப் பாருங்கள், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

“மணி பிளான்ட் ஒரு பற்றுகொடி. தொங்கல் வளர்ப்பில் இலை சிறிதாகவே இருக்கும். மேல்மண் ஒரு விரற்கணு ஆழம் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றவும். இலையில் மஞ்சள் கோலம் மங்கினால், நேர்வெயில் படாத, இன்னும் வெளிச்சமான இடத்துக்கு மாற்றவும். இலையில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. கடித்தால் வாய் எரியும். பூனை, நாய், தவழும் குழந்தை உள்ள வீட்டில் கொடி நுனி தரைக்கு எட்டாமல் நறுக்கிவிடவும்.”