கால்கரியில் சோம்பு: தழைக்காக வளர்ப்பவர்களின் அனுபவப் பகிர்வு

(ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயரும் ஊரும். கால்கரி, எட்மன்டன், சாஸ்கடூன் கனடாவில்; டென்வர் அமெரிக்காவில்.)

கொத்தமல்லி, கால்கரி

சோம்பு போட நினைக்கிறவர்கள் விதை வாங்குவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். தழை வேண்டுமா, விதை வேண்டுமா, கிழங்கு மாதிரி பருத்துவரும் அடித்தண்டு வேண்டுமா? மூன்றையும் ஒரே செடியிடம் கேட்டால் இந்த ஊர்ப் பருவத்தில் ஒன்றும் உருப்படியாகக் கிடைக்காது. மே 20, 25 வரை உறைபனி விழும். செப்டம்பர் நடுவில் மறுபடி வந்துவிடும். இடையில் இருப்பது 110 முதல் 120 நாள்தான். குஜராத்தில் ஆவணியில் நட்ட சோம்பு மாசி வரை வயலில் நிற்கும். அவ்வளவு நாள் இங்கே யாருக்கும் இல்லை. ஆனால் தழைக்கு என்றால் இந்த 110 நாளே தாராளம்.

மளிகைக் கடைச் சோம்பை விதைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் போடுகிற மெல்லிய பச்சைச் சோம்பு, லக்னோ சோம்பு என்பார்களே, அது வேண்டாம். விதை பாதி வளர்ந்திருக்கும்போதே பறித்து நிழலில் உலர்த்தியது அது. முற்றாத விதை என்பதால் முளைப்பது அரிது. குழம்புக்குப் போடுகிற தடித்த, பழுப்பேறிய சோம்பு முளைக்கலாம், பழையதாக இல்லாவிட்டால். சோதித்துவிட்டுப் போடுங்கள். ஈரமான காகிதத் துண்டில் 10 விதையை வைத்து மடித்து, மூடிய டப்பாவில் 20 டிகிரி சூட்டில் வையுங்கள். 10 நாளில் 7 முளைத்தால் நல்ல விதை. 3, 4 என்றால் இரட்டிப்பாகத் தூவ வேண்டும். அதற்கும் கீழே என்றால் அஞ்சறைப் பெட்டிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். நல்ல விதைகூட மூன்று, நான்கு வருடத்துக்கு மேல் தாங்காது.

நேரடியாக மண்ணில் விதைப்பதென்றால் மே இரண்டாம் வாரம். 5 செ.மீ. ஆழத்தில் மண்ணின் வெப்பம் 10 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும், 15 இருந்தால் இன்னும் வேகமாக வரும். ஆழம் 1 செ.மீ. போதும். இங்கே விதைப்பு தோற்பதற்குப் பெரும்பாலும் மண் பொருக்குதான் காரணம். களிமண்ணில் தண்ணீர் ஊற்றி, மேலே காற்றும் வெயிலும் பட்டால் இரண்டே நாளில் அப்பளம் போல் இறுகிவிடும். முளை கீழே கூன் விழுந்து நிற்கும், மேலே வர முடியாது. பொருக்கை ஓர் ஓரத்தில் மெல்லத் தூக்கிப் பார்த்தால் வெள்ளையாக வளைந்து கிடப்பது தெரியும். அதனால் கோடு கிழித்து விதை தூவியபின் அதே மண்ணால் மூடாமல், சலித்த கம்போஸ்டாலோ வெர்மிக்குலைட்டாலோ (ஈரம் பிடித்து வைக்கும் லேசான கனிமத் துகள்) மூடுங்கள். மேலே நனைத்த சாக்கை விரித்து, முதல் முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் முளை சாக்கு இழைக்குள் புகுந்துவிடும், இழுத்தால் வேரோடு வரும்.

இன்னொன்று. சோம்பின் முதல் இரண்டு இலைகள் சோம்பு மாதிரியே இருக்காது. நீளமாக, நாடா போல, புல்லைப் போல இருக்கும். களை என்று பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். நூல் நூலாகப் பிரிந்த மூன்றாவது இலை வரும் வரை அந்தக் கோட்டில் கை வைக்காதீர்கள்.

பனையோலை, சாஸ்கடூன்

பெருஞ்சீரகத்தை, அதாவது இந்தச் சோம்பை, இடம் மாற்றி நட்டால் உயிர் தப்பாது என்று கனபேர் சொல்லுவினம். அது பாதி உண்மை. குஜராத்தில் மழைக்காலப் பயிரை நாற்றங்காலில் வளர்த்துத்தான் வயலில் நடுகிறார்கள். இடம் மாறுவதால் பிரச்சினை இல்லை, ஆணிவேர் மடிவதால்தான் பிரச்சினை. சின்னச் சாடியில் ஆறு கிழமை வைத்திருந்தால் வேர் அடியில் சுருண்டுவிடும். பிறகு எவ்வளவு நல்ல பாத்தியில் நட்டாலும் செடி பயந்துபோய் ஒல்லியாகப் பூத்தண்டு விடும்.

கழிவறைக் காகிதச் சுருளின் நடுக் குழல் இதற்கு நல்ல சாமான். 10 செ.மீ. உயரம், அடி திறந்தது. ஒரு தட்டில் நெருக்கமாக நிறுத்தி, நாற்று மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் 3 விதை. ஏப்ரல் 20க்கு முன்னம் போடாதீர்கள். முளைத்தபின் நல்ல ஒன்றை விட்டு மற்றவற்றைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். விளக்கு வைப்பதென்றால் நாளுக்கு 12 மணித்தியாலம் காணும். தக்காளிக்கு வைப்பதுபோல் 16 மணித்தியாலம் எரியவிட்டால், நடுக்கோடை வந்துவிட்டது என்று நினைத்துச் செடி பூக்க ஆயத்தமாகும்.

குழலின் அடியில் வெள்ளை வேர்நுனி எட்டிப் பார்க்குதா, அதுதான் நடுகிற நேரம். நாலு, ஐந்து கிழமையில் வரும். அதற்கு முன் ஒரு கிழமை வெளியில் நிழலிலும் பிறகு வெயிலிலும் வைத்துப் பழக்கவேணும். நடும்போது காகித விளிம்பு மண்ணுக்கு மேலே ஒரு விரலளவுகூட நிற்கக்கூடாது. இந்த வறண்ட காற்றில் அந்த விளிம்பு விளக்குத் திரி மாதிரி வேலை செய்யும். குழலுக்குள் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக் காற்றுக்குக் கொடுத்துவிடும். பாத்தி ஈரமாக இருக்க, நாற்று மட்டும் வாடுவது இதனால்தான். விளிம்பைக் கிழித்துவிடுங்கள், அல்லது முழுக்கப் புதையுங்கள். செடிக்குச் செடி 30 செ.மீ. விடவேணும்.

சாடியிலேயே வளர்க்கிறவர்களுக்கு, 30 செ.மீ. ஆழமாவது இருக்கவேணும். அகலம் குறைந்தாலும் பரவாயில்லை.

தூதுவளை, கால்கரி

தண்ணீர்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வருடம் முழுக்க மழையும் பனியும் சேர்த்தே 420 மி.மீ. அளவுதான். அதில் ஜூன் மாதமே பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். ஜூனில் செடி செழித்து நிற்பதைப் பார்த்து, சோம்பு வறட்சி தாங்கும் செடிதானே என்று விட்டுவிடுகிறார்கள். தாங்கும், உண்மைதான். ஆணிவேர் ஆழம் போய்விட்டால் செத்துப் போகாது. ஆனால் உயிரோடு இருப்பதும் நல்ல தழை தருவதும் வேறு வேறு. ஜூலையில் காய்ந்தால் தழை முரடாகி, இனிப்பு போய், கசப்பு ஏறும். காயவிட்டுப் பிறகு வெள்ளமாக ஊற்றினால் உடனே பூத்தண்டு விட்டுவிடும்.

கணக்கு இதுதான்: சதுர மீட்டருக்கு வாரம் 25 லிட்டர், இரண்டு தடவையாகப் பிரித்து. தினமும் கொஞ்சம் தெளிப்பதால் பயனில்லை, வேர் மேலேயே தங்கிவிடும். செடி ஒரு சாண் உயரம் வந்ததும் 5 செ.மீ. கனத்துக்கு வைக்கோல் மூடாக்கு போடுங்கள். அடித்தண்டை ஒட்டி மட்டும் இரண்டு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் அழுகும். 2024 ஜூனில் நகரின் முதன்மைக் குடிநீர்க் குழாய் உடைந்து, வெளியில் குழாய்த் தண்ணீர் ஊற்றவே தடை வந்தது நினைவிருக்கும். 200 லிட்டர் மழைநீர்ப் பீப்பாய் ஒன்று இருந்தால் 4 சதுர மீட்டர் பாத்திக்கு இரண்டு வாரம் ஓடும்.

உரம் அதிகம் வேண்டாம். நடுவதற்கு முன் 3 செ.மீ. கம்போஸ்ட் கலந்தால் போதும். தழைதானே வேண்டும் என்று யூரியா வகை உரம் போட்டால் தழை பெருக்கும், மணம் குறையும், அசுவினிப் பூச்சி தேடி வரும். இங்கத்திய மண் காரத்தன்மை உள்ளது, சோம்பு அதற்கு முகம் சுளிக்காது. அடுப்புச் சாம்பலையும் சுண்ணாம்பையும் மட்டும் கொண்டுவந்து கொட்டாதீர்கள்.

கொத்தமல்லி, கால்கரி

தூதுவளை அக்கா, தண்டு விடுவதற்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை. நீண்ட பகலும் சேர்த்துத்தான். ஜூன் கடைசியில் இங்கே பகல் பதினாறரை மணி நேரம். சோம்பு நீள்பகலில் பூக்கும் செடி. எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் மே விதைப்பு ஜூலை கடைசியில் பூக்கத்தான் பார்க்கும். அதை நிறுத்த முடியாது, தள்ளிப்போட முடியும்.

செடி 30 செ.மீ. வந்ததும் வெளி இலைகளை அடியோடு எடுக்க ஆரம்பிக்கலாம், ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நடுக்குருத்தைத் தொடாதீர்கள். நடுவில் உருண்டையாக, கணுக்கணுவாக ஒரு தண்டு எழும்புவதை விரலால் தடவினாலே தெரியும். இலைக்காம்பு தட்டையாக இருக்கும், பூத்தண்டு உருண்டு திண்ணென்று இருக்கும். தெரிந்த அன்றே தரையிலிருந்து ஒரு சாண் விட்டு மொத்தமாக வெட்டிவிடுங்கள். அடிக்கணுவிலிருந்து புதுத் தழை வரும். இரண்டு தடவை இப்படி ஏமாற்றலாம், மூன்றாவதில் செடி களைத்துவிடும்.

அதனால் ஜூலை முதல் வாரத்தில் இன்னொரு கோடு விதையுங்கள். அந்தச் செடி தேறி வரும்போது ஆகஸ்ட் கடைசி, பகல் 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். தண்டு விடாது. லேசான உறைபனியில் இந்த இளந்தழை சாவதுமில்லை. செப்டம்பரில் பறிக்கும் தழைதான் வருடத்திலேயே சிறந்தது.

உலர்த்தி வைக்காதீர்கள், காய்ந்த தழையில் வைக்கோல் மணம்தான் மிஞ்சும். பொடியாக நறுக்கி, ஐஸ் தட்டில் எண்ணெயோ தண்ணீரோ விட்டு உறைய வையுங்கள். ரசத்திலோ மீனிலோ, அடுப்பை அணைத்தபின் போட வேண்டும்.

முருங்கை, எட்மன்டன்

பூச்சி பற்றி. சாம்பல் பச்சை அசுவினி குருத்து மடிப்பிலும் பூக்குடைக்குள்ளும் (குடை போல விரியும் பூங்கொத்து) அடையும். காலையில் வேகமான தண்ணீரால் அடித்துக் கழுவினால் போதும். மருந்து தெளித்த தழையைச் சாப்பிட முடியாது என்பதை மறக்காதீர்கள்.

பச்சை உடம்பில் கறுப்புப் பட்டையும் மஞ்சள் புள்ளியுமாக ஒரு புழு இருக்கும். தொட்டால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டி, கெட்ட வாடை விடும். அது வாலுள்ள பெரிய மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. ஒரு செடிக்கு ஐந்தாறு இருந்தால் இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும். கொல்ல வேண்டாம். ஓரத்தில் ஒரு செடியை அதற்கென்றே விட்டு, இலையோடு எடுத்து அங்கே மாற்றிவிடுங்கள்.

சதகுப்பையும் (டில்) சோம்பும் பக்கத்தில் இருந்தால் கலந்துவிடும் என்ற பயம் தேவையில்லை, இரண்டும் வேறு பேரினம். பச்சைச் சோம்பு, வெண்கல நிறச் சோம்பு, அடி பருக்கும் சோம்பு ஆகிய மூன்றும் ஒரே இனம், அவைதான் தங்களுக்குள் கலக்கும். விதை எடுக்கிறவர்கள் ஒரு வகை மட்டும் பூக்கவிடுங்கள்.

மண்வெட்டி, டென்வர்

சோம்பு பல்லாண்டுச் செடி. கால்கரியில் அது குளிர்காலத்தைத் தாண்டும் என்று நம்ப முடியாது. டென்வரில் தாண்டும், ஆனால் பலருக்கு வசந்தத்தில் தளிர்ப்பதில்லை. பனியில் செத்தது என்று நினைக்கிறார்கள். பல நேரம் செத்தது தாகத்தால். இங்கே குளிர்காலம் வெயிலும் வறட்சியுமாக இருக்கும், வாரக்கணக்கில் பனி மூடாது. வேர் தரைக்குள்ளேயே உலர்ந்துவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை, பனி மூடாமல், வெப்பம் 4 டிகிரிக்கு மேல் இருக்கும் ஒரு நாளில், மாதம் ஒருமுறை நடுப்பகலில் தண்ணீர் ஊற்றுங்கள். தண்டை 10 செ.மீ. விட்டு வெட்டி, 15 செ.மீ. இலைமூடாக்கு போடுங்கள். வெண்கல நிறச் சோம்புக்கும் இதேதான்.

பனையோலை, சாஸ்கடூன்

கொத்தமல்லி அக்கா விதையைக் கைவிடச் சொன்னது முற்றின விதைக்குச் சரி. பச்சை விதைக்கு வழியிருக்கு. மேலே நீங்களே சொன்னீர்கள், லக்னோ சோம்பு பாதி வளர்ச்சியில் பறிப்பது என்று. எங்கள் பருவம் தருகிறதும் சரியாக அந்தப் பதம்தான். ஏப்ரல் நாற்று ஒன்றிரண்டை வெட்டாமல் விடுங்கள். நடுக்குடையையும் அதற்கு அடுத்த மூன்று, நாலு குடைகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஆகஸ்ட் 10க்குப் பிறகு விரிகிற எல்லாவற்றையும் நறுக்கிவிடுங்கள். பிந்தி வருகிற குடை விதை கட்டாது, முந்தினதின் சாப்பாட்டைத்தான் பங்குபோடும்.

விதை பருத்து, கோடு தெரிந்து, நகத்தால் கீறினால் ஈரமாக மணக்கிற பதத்தில், செப்டம்பர் முதல் கிழமையில், குடையோடு வெட்டுங்கள். எல்லாக் குடையும் ஒரே நாளில் பதத்துக்கு வராது, நடுக்குடை முதலில். வெயிலில் போடாதீர்கள், பச்சை வெளுத்து மணமும் போகும். வீட்டுக்குள் நிழலில், வெள்ளைத் துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பினால் இந்த வறண்ட காற்றுக்கு நாலைந்து நாள் காணும். ஒரு விதையை மடித்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் ஒரு நாள், முறிந்தால் போத்தலில் போடலாம்.