அப்டேட் வந்தபின் அப்பாவால் பாட்டுப் போட முடியவில்லை: கம்பனிக்கு எப்படி எழுதினால் கவனிப்பார்கள்?

உவர்மலை மகள்

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் மூன்று வைஃபை ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. அப்பாவின் அறையில் ஒன்று, சுவாமி அறையில் ஒன்று, விறாந்தையில் ஒன்று. மூன்றையும் போனில் உள்ள ஒரே செயலிதான் இயக்குகிறது.

அப்பாவுக்கு சலரோகத்தால் பார்வை மிகவும் குறைந்துவிட்டது. அன்ட்ரொய்ட் போனில் திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் டோக்பேக் வாசிப்பதைக் கேட்டுத்தான் போனைப் பாவிக்கிறார். அவருக்கு இருக்கும் பெரிய ஆறுதல் அந்தப் பாட்டுகள். தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரமும் தவிலும் வாசித்ததை அந்தக் காலத்தில் தானே கசெட்டில் பதிந்து வைத்தவர். இடம்பெயர்ந்தபோது உடுப்பை விட்டாலும் அந்தக் கசெட்டுகளை விடவில்லை. தம்பி எல்லாவற்றையும் டிஜிட்டலுக்கு மாற்றி ஒரு பென்டிரைவில் போட்டு, ரவுட்டரின் பின்புறத் துளையில் செருகிவிட்டான். செயலி அங்கிருந்து எடுத்து வாசிக்கும். மூன்று வருடமாக ஒரு குறையும் இல்லை.

போன கிழமை செயலி தானாக அப்டேட் ஆனது. இப்போது பென்டிரைவில் உள்ள பாட்டுகளைக் காணவே இல்லை. எந்தப் பட்டனைத் தொட்டாலும் டோக்பேக் “பெயரிடாத பட்டன்” என்றுதான் சொல்கிறது, அப்பாவுக்கு எது நிறுத்துவது, எது சத்தம் கூட்டுவது என்று தெரியவில்லை. இரவில் ஒரு மணித்தியாலத்தில் தானாக நிற்கும் டைமரும் இல்லை. அம்மாவின் ஐபோனில் ஸ்பீக்கர்களே தெரியவில்லை.

ரவுட்டரை நிறுத்திப் போட்டேன். செயலியை அழித்துத் திரும்ப ஏற்றினேன். பழைய பதிப்பைத் தேடி ஏற்றினால் “அப்டேட் செய்யவும்” என்று சொல்லி உள்ளேயே விடுவதில்லை. கம்பனிக்கு எல்லாவற்றையும் நீளமாக எழுதினேன். “உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம், உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்” என்று ஒரு பதில், அவ்வளவுதான். செயலிக் கடையில் ஒரு நட்சத்திரமும் போட்டுவிட்டேன்.

இப்போதைக்கு அப்பா பாட்டுக் கேட்க வழி இருக்கிறதா? நாங்கள் எழுதுவதை அங்கே உண்மையில் யாராவது வாசிக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியா ரிப்பெயர் கடை

தங்கச்சி, முதலில் ஒன்று. ஸ்பீக்கரின் அடியில் இருக்கும் ரீசெட் பட்டனை யாரும் அமத்த வேண்டாம். அமத்தினால் அறைப் பெயர் முதல் எல்லாம் அழிந்துவிடும், பிரச்சினை தீரவும் மாட்டாது.

அம்மாவின் ஐபோன் விஷயம் சின்னது. 2020இல் ஐஓஎஸ் 14 வந்ததில் இருந்து, வீட்டு வைஃபைக்குள் இருக்கும் மற்றச் சாதனங்களைத் தேட ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்க வேண்டும். அந்தக் கேள்வி வந்தபோது யாரோ வேண்டாம் என்று தட்டியிருப்பார்கள். செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் லோக்கல் நெட்வொர்க் என்று இருக்கும், அதில் அந்தச் செயலியின் பெயருக்கு நேரே இருப்பதை ஒன் பண்ணுங்கள்.

பென்டிரைவ் விஷயத்தில் ஒரு சந்தேகம். ரவுட்டர் எத்தனை வருடம் பழையது?

உவர்மலை மகள்

அண்ணா, நன்றி. அம்மாவின் போனில் இப்போது மூன்று ஸ்பீக்கரும் தெரிகின்றன. ரவுட்டர் ஒன்பது வருடம் இருக்கும்.

கிண்ணியா ரிப்பெயர் கடை

அப்படியென்றால் நான் நினைத்ததுதான். அந்தக் காலத்து ரவுட்டர்களில் பல, பென்டிரைவில் உள்ளதை வலையில் பகிர எஸ்எம்பி 1 என்ற பழைய முறையை மட்டும்தான் பேசும். அதில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது. 2017 மே மாதம் உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டிய வன்னக்ரை வைரஸ் அந்த வழியாகத்தான் பரவியது. அதே வருடக் கடைசியில் இருந்து விண்டோஸ் 10இன் புதிய பதிப்புகளில் அது தானாக நிறுவப்படுவதும் நின்றது. உங்கள் செயலியும் புதிய பதிப்பில் அதைக் கைவிட்டிருக்க வேண்டும்.

சோதித்துப் பார்ப்பது லேசு. விண்டோஸ் 10 இருக்கும் ஒரு லேப்டொப்பில் நாலைந்து பாட்டைப் போட்டு, அந்த ஃபோல்டரை ஷெயார் பண்ணிவிட்டு, செயலியில் அந்த இடத்தைக் கொடுங்கள். வந்தால் குற்றம் ரவுட்டரில்.

உவர்மலை மகள்

வருகிறது! தம்பியின் பழைய லேப்டொப்பில் போட்டதும் ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டது. அப்படியானால் அவர்கள் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார்கள். அதை ஒரு வரியில் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே. அப்டேட் குறிப்பில் “பொதுவான மேம்பாடுகள்” என்று மட்டும்தான் இருந்தது. நான்கு நாள் அப்பா தன் பதிவுகள் அழிந்துவிட்டன என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

நிலாவெளி விருந்தினர் விடுதி

எங்கள் விடுதியிலும் இதே மாதிரி ஸ்பீக்கர்கள்தான், வேறு கம்பனி. சீசன் நேரத்தில் ஒருநாள் எல்லாம் நின்றுபோக, நான் கோபத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன். இரண்டு நாளில் பதில் போட்டார்கள். அக்கா, மின்னஞ்சல் எல்லாம் வீண், நட்சத்திரம்தான் அவர்களுக்குச் சுடும்.

உப்புவெளி சோதனைக்காரி

நான் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடம் செயலிகளைச் சோதிக்கும் வேலை செய்தவள். வாடிக்கையாளர் எழுதுவது எங்கே போகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வாசிக்கிறார்கள். ஆனால் முதலில் வாசிப்பவர் செயலியைத் திருத்துபவர் அல்ல. அவர் உங்கள் மடலுக்கு ஒரு பெயர் ஒட்டுவார்: “பிழை”, “புதிய வசதி கேட்கிறார்”, “பொதுவான அதிருப்தி” என்று. ஒரு மடலுக்குப் பெரும்பாலும் ஒரு பெயர்தான். உங்கள் மடலில் நாலு விஷயம் இருந்தது. “அப்டேட்டுக்குப் பிறகு ஒன்றும் சரியில்லை” என்ற மூன்றாவது பெட்டிக்குள்தான் அது போயிருக்கும். அந்தப் பெட்டியை மாதக் கடைசியில் எண்ணிப் பார்ப்பார்களே தவிர, ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த மாட்டார்கள்.

உங்கள் பிரச்சினைகள் உள்ளே எப்படித் தெரியும் என்று பாருங்கள். ஐபோன் அனுமதி அவர்களுடைய பிழை அல்ல. பென்டிரைவ் அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. அதை மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டார்கள், மாற்றவும் கூடாது, ஆனால் முன்கூட்டி அறிவிக்கவில்லை என்ற குறை நியாயமானது. டைமர் பெரும்பாலும் புதிய செயலியை அடியில் இருந்து எழுதியபோது நேரம் போதாமல் விடுபட்டது. பட்டன்களுக்குப் பெயர் இல்லாததுதான் சுத்தமான பிழை. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வரி எழுதினால் சரியாகும் வேலை அது. நாலையும் நாலு பேர் பார்ப்பார்கள். ஒரே மடலில் போட்டால் நாலு பேருமே அது மற்றவருடையது என்று விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு அந்த வேலையில் மனதை உறுத்திய விஷயம். எந்த வசதியை எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்று செயலி எண்ணிக்கொண்டே இருக்கும். டைமரை நூறில் இரண்டு பேர்தான் தொடுகிறார்கள் என்று வையுங்கள். பட்டியலில் அது கடைசிக்குப் போய்விடும். அந்த இரண்டு பேரும் ஒவ்வொரு இரவும் அதை நம்பித்தான் படுக்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. பெயரில்லாத பட்டனால் உள்ளேயே போக முடியாதவரை எண்ணவே மாட்டார்கள், அவர் செயலியைப் பாவிக்கவில்லை என்றுதான் பதிவாகும். அதனால் உங்கள் அப்பா போன்றவர்கள் கட்டாயம் எழுத வேண்டும்.

இது பெரிய கம்பனிகளுக்கும் நடந்திருக்கிறது. வைஃபை ஸ்பீக்கர் செய்யும் சோனோஸ் கம்பனி 2024 மே மாதம் தன் செயலியை முழுக்கப் புதிதாக மாற்றியது. தூக்க டைமர், அலாரம் மாற்றுவது, வீட்டில் சேமித்த பாட்டுகளில் தேடுவது எல்லாம் முதல் பதிப்பில் இல்லை, பார்வை குறைந்தவர்களுக்குத் திரைவாசிப்பும் சரியாக வேலை செய்யவில்லை. ஜூலையில் தலைமை நிர்வாகி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பழைய செயலியையே திரும்ப விடலாமா என்று சோதித்துப் பார்த்து, பின்னால் இருக்கும் சேர்வரும் ஸ்பீக்கருக்குள் இருக்கும் மென்பொருளும் மாறிவிட்டதால் அது நிலைமையை இன்னும் கெடுக்கும் என்று கைவிட்டார்கள். உங்களுக்குப் பழைய பதிப்பு ஏறாததற்கும் காரணம் இப்படித்தான் இருக்கும். ஒக்டோபரில் சில உறுதிமொழிகள் தந்தார்கள்: பெரிய மாற்றங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது, தரத்தைக் கவனிக்க ஊழியர்கள் முறையிடக்கூடிய ஒருவரை வைப்பது, வாடிக்கையாளர் ஆலோசனைக் குழு ஒன்று. 2025 ஜனவரியில் அந்தத் தலைமை நிர்வாகி விலகினார். வாடிக்கையாளர் சொன்னதைக் கேட்டுத்தான் இவ்வளவும் நடந்தது. ஆனால் வெளியிடுவதற்கு முன்பே கேட்டிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

கொஞ்சம் கொஞ்சமாக விடுவது என்றால் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிளின் செயலிக் கடையில் கம்பனி விரும்பினால், தானாக அப்டேட் ஆகும் போன்களில் முதல் நாள் 1 சதவீதத்துக்கும், அடுத்தடுத்த நாட்களில் 2, 5, 10, 20, 50 சதவீதத்துக்கும், ஏழாம் நாள் எல்லோருக்கும் போகும். கூகுளில் எத்தனை சதவீதம் என்பதைக் கம்பனியே தீர்மானிக்கும். இடையில் நிறுத்தலாம், ஆனால் ஏற்கெனவே போனவர்களைப் பழைய பதிப்புக்குத் திருப்ப முடியாது. ஆகவே முதல் இரண்டு மூன்று நாளில் வரும் முறைப்பாட்டுக்குப் பலம் அதிகம். அடுத்த தடவை உடனே எழுதுங்கள்.

நிலாவெளித் தம்பிக்கு: நட்சத்திரம் வீண் என்று நான் சொல்லவில்லை. கூகுளில் அண்மைக் காலத்தில் போட்ட நட்சத்திரங்களுக்குத்தான் கூடுதல் கணக்கு, அதனால் அவர்களுக்குச் சுடும் என்பது சரி. ஆனால் அதற்குப் பதில் போடுபவர் பெரும்பாலும் திருத்துபவர் அல்ல. நட்சத்திரத்தோடு பதிப்பு எண்ணும் என்ன நடந்தது என்பதும் ஒரு வரியில் இருந்தால் இரண்டு பக்கமும் பயன்.

அக்கா, பட்டன் விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

“அப்பா பார்வை குறைந்தவர், டோக்பேக் பாவிக்கிறார். போன் மாதிரி இது, அன்ட்ரொய்ட் பதிப்பு இது, செயலிப் பதிப்பு இது. செயலியைத் திறந்து, பாட்டு ஓடும் திரைக்குப் போய், கீழே உள்ள ஐந்து பட்டன்களை ஒவ்வொன்றாகத் தொடவும். ஐந்துக்கும் ‘பெயரிடாத பட்டன்’ என்றே வாசிக்கிறது. முந்தைய பதிப்பில் ‘நிறுத்து’, ‘அடுத்தது’ என்று வாசித்தது. ஒவ்வொரு முறையும் இப்படியே நடக்கிறது.”

கோபத்தையும் எழுதலாம், கடைசி வரியில். முதல் வரியில் எழுதினால் பெட்டி மாறிவிடும். அந்தத் திரையை வீடியோ எடுத்துச் சேருங்கள். செயலிக்குள் “பிரச்சினையை அறிவி” என்று தனியாக இருந்தால் கருத்துப் பெட்டியை விட்டு அதன் வழியாக அனுப்புங்கள்; செயலியின் உள் பதிவும் சேர்ந்து போகும். பிழை நடந்த உடனேயே அனுப்ப வேண்டும், இடம் குறைவு என்பதால் பழைய பதிவுகள் அழிந்துகொண்டே போகும்.

மூதூர் ஆசிரியர்

நானும் பார்வையற்றவன், பதினொரு வருடமாக டோக்பேக் பாவிக்கிறேன். கம்பனி திருத்தும்வரை ஐயா காத்திருக்கத் தேவையில்லை. பெயரில்லாத பட்டனில் நின்றுகொண்டு மூன்று விரலால் ஒருமுறை தட்டினால் டோக்பேக் மெனு வரும். அதில் பெயர் சேர்க்கும் வசதி இருக்கும். ‘நிறுத்து’ என்று நீங்களே எழுதி வைத்தால் பிறகு அதையே வாசிக்கும். எல்லாப் பட்டனுக்கும் இது எடுபடாது, சிலவற்றுக்கு அந்தத் தெரிவே வராது. ஆனாலும் செய்து பாருங்கள். தமிழிலேயே எழுதுங்கள், ஐயாவுக்கு லேசாக இருக்கும்.

டைமருக்கு நான் செய்யும் வழி: ஒரு மணித்தியால அளவில் ஒரு பிளேலிஸ்ட் செய்து, திரும்ப ஓடுவதை நிறுத்தி வைத்துவிடுங்கள். பாட்டு முடிந்தால் தானாக நிற்கும்.

உவர்மலை மகள்

எல்லோருக்கும் நன்றி, மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

ஐந்தில் மூன்று பட்டனுக்கு நாங்களே பெயர் வைத்தோம். அப்பாவே சொல்லச் சொல்ல எழுதினேன், “அடுத்தது” வேண்டாம், “அடுத்த உருப்படி” என்று போடச் சொன்னார். பிளேலிஸ்டும் செய்தாயிற்று, ஒரு இராகத்தின் ஆலாபனை பாதியில் நிற்கக்கூடாது என்று அதை ஐம்பத்தெட்டு நிமிடத்தில் அவரே முடித்துக்கொண்டார்.

கம்பனிக்கு மூன்று தனித்தனி அறிவிப்பு அனுப்பினேன். பட்டன் விஷயத்துக்கு இரண்டாம் நாளே ஒரு இலக்கத்தோடு பதில், வீடியோவுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். நேற்று வந்த அப்டேட்டில் ஐந்துக்கும் பெயர் வாசிக்கிறது. டைமர் பட்டியலில் இருக்கிறதாம், திகதி சொல்லவில்லை. பென்டிரைவ் விஷயத்தில், பழைய முறை நிறுத்தப்பட்டதை உதவிப் பக்கத்தில் சேர்த்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். நட்சத்திரத்தை மூன்றாக மாற்றிவிட்டேன், டைமர் வந்தால் மீதியையும் போடுவேன்.

இப்போது அப்பாவுக்கு இன்னொரு குறை. பாட்டுகளின் பெயர் எல்லாம் தமிழில்தான் இருக்கிறது. செயலிக்குள் டோக்பேக் அவற்றை வாசிக்காமல் தாண்டிப் போகிறது, இலக்கங்களை மட்டும் ஆங்கிலத்தில் சொல்கிறது. இதையும் தனியாக எழுதலாமா?

உப்புவெளி சோதனைக்காரி

கட்டாயம் எழுதுங்கள் அக்கா. அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அதே பெயருள்ள ஒரு பாட்டைப் போனுக்குள் போட்டு, ஃபைல்ஸ் செயலியில் தொட்டுப் பாருங்கள். அங்கே தமிழில் வாசித்தால் குற்றம் இந்தச் செயலியில், அந்த வரியையும் சேர்த்து அனுப்புங்கள். அங்கேயும் வாசிக்காவிட்டால் போனின் தமிழ்க் குரலில்தான் ஏதோ பிரச்சினை இருக்க வேண்டும்.

உவர்மலை மகள்

அப்பா பின்னேரத் தூக்கத்தில் இருக்கிறார். எழும்பியதும் இரண்டு பேருமாகச் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.