ஐரிஷ் நடனத் தாளத்தில் ஒரு லேஸ் ஸ்கார்ஃப் – யோசனை சொல்லுங்களேன்

நூல்கண்டு:
மகளின் தோழி ஐரிஷ் நடனம் ஆடுகிறாள், மார்ச் 17, ஐரிஷ்காரர்களின் செயின்ட் பேட்ரிக்ஸ் தினத்துக்கு மேடை ஏறுகிறாள், ஸ்லிப் ஜிக் என்கிற ஆட்டமாம். அந்தத் தாளம் தெரிகிற மாதிரி ஸ்கார்ஃப் பின்னித் தர ஆசை. கெல்டிக் முடிச்சு வேண்டாம், அதற்குக் கேபிள் (கண்ணிகளைக் குறுக்கே மாற்றிப் பின்னுவது) போட்டால் கனத்துவிடும். நம்ம ஊர் வெக்கைக்கு எந்த நூல் சரி?

ஈசூன் அக்கா:
ஸ்லிப் ஜிக் 9/8 தாளம்மா. நம் கர்நாடக இசையின் சங்கீர்ணம் போல ஒன்பதுதான், ஆனால் நான்கும் ஐந்துமாகப் பிரியாது, மும்மூன்றாகப் போகும். அதனால் ஒன்பது கண்ணிக்கு ஒரு டிசைன் வை: நூலை ஊசி மேல் ஒரு சுற்று, ஒரு கண்ணி நிட் (சாதாரணப் பின்னல்), அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கு. இதை இரண்டு முறை செய், கடைசி மூன்றும் சும்மா நிட், இல்லாவிட்டால் எல்லாம் மூன்று மூன்றாகத்தான் தெரியும். பின்பக்க வரிசை முழுக்க பர்ல் (நிட்டுக்கு எதிர்ப் பின்னல்). இந்த டிசைன் நான்கு, இரண்டு ஓரத்துக்கும் மும்மூன்று சேர்த்து மொத்தம் 42 கண்ணி, 4 மிமீ ஊசி.

டெக்கா ஊசி:
மூங்கில் நூலோ பட்டு கலந்ததோ எடுங்க. தனிப் பருத்தி, நனைத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தாலும் கம்பளி மாதிரி விரிந்து நிற்காது. அப்புறம் பத்து வரிசைக்கு ஒருமுறை கண்ணிகள் வழியாக வேறு நிற நூலைக் கோத்துவிடுங்க, எம்ஆர்டி ரயிலில் பின்னும்போது ஒரு கண்ணி நழுவினால் அந்த வரிசை வரைக்கும் பிரித்தால் போதும்.

நூல்கண்டு:
அருமை அக்கா! பட்டு கலந்ததே வாங்குகிறேன். பச்சை மட்டும் வேண்டாமாம், அவளிடம் ஏற்கெனவே நிறைய இருக்காம் 😅