உலருறிஞ்சல்: ஏசி கையேட்டில் ‘வெளியேற்றம்’ வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கார் ஏசியை வீட்டிலேயே சரிசெய்வதற்கான கையேட்டின் வரைவைப் படித்தேன். கம்ப்ரசருக்கு அமுக்கி, கண்டென்சருக்கு ஒடுக்கி, எவாப்பரேட்டருக்கு ஆவியாக்கி: இவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆறாம் படியில் வரும் ‘வெளியேற்றம்’ மட்டும் கட்டாயம் மாற வேண்டும்.

அந்த ஒரே சொல் மூன்று வேலைகளுக்கு நிற்கிறது. குழாயில் உள்ள குளிரூட்டும் கேஸைக் கருவி வைத்து சிலிண்டரில் திரும்பப் பிடிப்பது ஒன்று. காற்றில் திறந்துவிடுவது இன்னொன்று. காலியான குழாயில் பம்பை மாட்டிக் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுப்பது மூன்றாவது. கையேடு சொல்லவருவது மூன்றாவதை. ‘வெளியேற்றவும்’ என்று படிப்பவரோ ஸ்பேனரை எடுத்துக் குழாய் இணைப்பைத் தளர்த்திவிடுவார். பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். திரவமாகக் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 1,000 மடங்குக்கு மேல் வல்லது என்பதால், பல நாடுகளில் அதைத் திறந்துவிடுவது குற்றமும்கூட.

‘வெற்றிடமாக்கல்’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். பிழையில்லாத சொல்தான். ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்பது அதில் இல்லை. அழுத்தம் 24 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு இறங்கினால் 25 டிகிரியிலேயே தண்ணீர் கொதிக்கும், அடுப்பே வேண்டாம். குழாய்க்குள் ஒளிந்திருக்கும் ஈரம் அப்படித்தான் ஆவியாகிப் பம்ப் வழியே வெளியே போகிறது. அழுத்தமானியின் முள் அடியைத் தொட்ட பிறகும் பம்பை அரை மணி நேரமாவது ஓடவிடுவது இதற்காகத்தான். பிறகு வால்வை மூடி, பம்பை நிறுத்தி, முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அசையாமல் நின்றால் நல்லது. கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. மிஞ்சிய ஈரம், கேஸ் விரிந்து குளிரும் குறுகிய வழியான விரிவு வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும். கேஸோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும்.

ஆகவே என் பரிந்துரை ‘உலருறிஞ்சல்’. முதலில் ‘வறளிழுப்பு’ என்று எழுதிப் பார்த்தேன்; இழுப்பு என்றதும் மூச்சிரைப்பு நினைவுக்கு வருகிறது, விட்டுவிட்டேன். உலருறிஞ்சலை வினையாக்கினால் ‘உலர உறிஞ்சு’. யார் காதில் விழுந்தாலும் புரியும். பட்டறையில் ‘வேக்குவம் போடு’ என்பார்கள். அது அப்படியே இருக்கட்டும், முதல் முறை வரும் இடத்தில் அதையும் பக்கத்தில் கொடுத்துவிடலாம்.

ஆறாம் படி இப்படி வரலாம்: “கேஸை முழுவதும் மீட்டெடுத்த பிறகே பம்பை மாட்டி, 30 நிமிடத்துக்குக் குறையாமல் உலர உறிஞ்சவும்.” மீட்டெடுக்கும் கருவி வீட்டில் இருக்காது. அந்த வேலையை மட்டும் பட்டறையில் முடித்துக்கொள்ளும்படி ஐந்தாம் படியிலேயே எழுத வேண்டும்.

‘திறந்துவிடல்’ என்பதை எச்சரிக்கை வாசகத்துக்கு மட்டும் ஒதுக்கி வைக்கலாமா?

அன்புடன்.