எண்டூரன்ஸ் சவாரி: குதிரைக்கு மற்ற போட்டிகளைவிட ஆபத்து அதிகமா?

செம்மண்பாதை:
காரைக்குடிப் பக்கம். கத்தியவாரி என்ற குஜராத் இனத்தில் ஏழு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று வைத்திருக்கிறேன். காலை வெயில் ஏறுமுன் கானாடுகாத்தான் வரை போய்த் திரும்புவோம், அவ்வளவுதான் பழக்கம். பெங்களூர் நண்பன் 40 கிலோமீட்டர் எண்டூரன்ஸ் சவாரிக்கு, அதாவது குதிரையின் தாக்குப்பிடிக்கும் சக்தியைப் பார்க்கும் நெடுந்தூரப் போட்டிக்குக் கூப்பிடுகிறான். அப்பத்தாவோ, "வாயில்லா ஜீவனை அம்புட்டுத் தூரம் ஓட்டி என்னத்தக் காணப்போற"ன்னு ஒரே பிடி. நம்ம ஊர்க் குதிரைவண்டிப் பந்தயத்தில் கடைசி அரை மைலில் விழும் சாட்டையடியைப் பார்த்தவன் என்பதால் எனக்கும் பயம்தான். தடை தாண்டல், ரேஸ் இதையெல்லாம்விட இது மோசமா?

பழைய லாடம்:
வளைகுடாவில் எட்டு வருடம் எண்டூரன்ஸ் லாயத்தில் வேலை பார்த்தவன், இப்போது புதுவயலில். விதிகளை மட்டும் பார்த்தால் குதிரைக்கு இவ்வளவு காவல் வேறு போட்டியில் கிடையாது தம்பி. 160 கிலோமீட்டர் பந்தயத்தைப் பல சுற்றாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் டாக்டர் நிற்பார். வந்த 15 நிமிடத்துக்குள் (கடைசிச் சுற்றில் 20) நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 64-க்கு இறங்க வேண்டும், ஓடவிட்டு நொண்டுகிறதா பார்ப்பார், ஈறை அழுத்தி நிறம் திரும்புகிறதா, வயிற்றில் சத்தம் கேட்கிறதா என்றும் பார்ப்பார். தேறாவிட்டால் அங்கேயே அவுட். முதலில் வந்த குதிரையும் கோட்டைத் தாண்டிய பிறகு டாக்டரிடம் தேறினால்தான் ஜெயித்தது. நம்ம பந்தயத்தில் இப்படி ஒரு விதி வந்தால் பாதிப் பரிசு மேடையிலேயே கிடக்கும்!

ஆனால் கெடுப்பது வேகம். மேடுபள்ளமில்லாத மணல் தடம், பின்னாலேயே ஜீப்பில் கத்திக்கொண்டு வரும் ஆட்கள். நான் தண்ணீர்க் குடத்தோடு காத்திருந்த இடத்துக்கு ஐம்பது அடி முன்னால் ஒரு சாம்பல் குதிரைக்கு முன்னங்கால் முறிந்தது. அன்றைக்கு எங்களில் யாரும் சாப்பிடவில்லை.

குளம்படி:
கால்நடை மருத்துவர் நான். பெரியவர் சொல்வது சரி. 2015-இல் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் குதிரையேற்றச் சம்மேளனத்தையே சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு இடைநீக்கம் செய்தது இந்த மாதிரி விவகாரங்களில்தான். அதற்காக மற்றவை சுத்தம் என்று நினைக்க வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் கிராஸ்-கன்ட்ரி ஓட்டத்தில், அதாவது திறந்தவெளியில் தடைகளைத் தாண்டி ஓடுவதில், கால் அடிபட்ட ஜெட் செட் என்ற சுவிஸ் குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டிவந்தது. இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் என்ற தடை தாண்டும் ரேஸில் 40 குதிரை ஓடியதை 2024 முதல் 34 ஆகக் குறைத்துவிட்டார்கள். அங்கெல்லாம் ஆபத்து ஒரு நொடியில் வரும், விழுந்தால் முடிந்தது. எண்டூரன்ஸில் பெரும்பாலும் மெல்ல வரும், நீர் வற்றும், தசை இறுகும், குடல் அசைவு நிற்கும். மெல்ல வருவதால்தான் வழியில் நிறுத்திப் பிடிக்க முடிகிறது, அதைத் தாண்டிக்கொண்டு ஓட்டுகிறவன்தான் குற்றவாளி.

ஒன்று கவனியுங்கள். குதிரை வியர்வையில் உப்பு நம் வியர்வையைவிட அதிகம், வெறும் தண்ணீர் மட்டும் காட்டினால் போதாது, சில குதிரை தாகமே இல்லாத மாதிரி நிற்கும். ஓட்டத்துக்குப் பிறகு பின்பகுதி கட்டைபோல இறுகி மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் ஒரு அடிகூட நடத்தாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். நம்ம சித்திரை வெயிலில் இதெல்லாம் வேண்டவே வேண்டாம், மார்கழி, தை பார்த்துப் போங்கள்.

செம்மண்பாதை:
ஸ்டெதாஸ்கோப் வாங்கிவிட்டேன். இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் வைத்து 15 விநாடிக்கு எண்ணினேன், 20 வந்தது. நாலால் பெருக்கினால் 80! சவாரிக்கே போகவில்லை, ஊருணிக் கரையில் சும்மா புல் மேய்ந்துகொண்டிருக்கிறாள். டாக்டரைக் கூப்பிடவா?

பழைய லாடம்:
இதயத்தின் லப், டப் சத்தம் இரண்டையும் தனித்தனியாக எண்ணியிருப்பாய். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு துடிப்பு. அப்போ நிமிடத்துக்கு 40தான். குதிரை நல்லாத்தான் இருக்கு, நீ முதலில் தண்ணியைக் குடி.