சண்டிலிப்பாய் உறவுகள்: சனிக்கிழமைக்கான தாரிக் கேள்விகள்

ராணி: அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஃபரீத் வீட்டார் ஷீரீனி கோரி என்னும் நிச்சயச் சடங்குக்காக ஹம்பர்க்கில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுடைய காபூல் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அபிராமியைப் பெண் கேட்பார். நாங்கள் இனிப்புத் தட்டைக் கையில் கொடுத்தால் அதுவே சம்மதம். ஃபரீதின் தாய் தகப்பனுடன் ஜெர்மனில் பேசிக்கொள்ளலாம், ஆனால் அவனுடைய பாட்டிக்கு ஆப்கானிஸ்தானில் பேசும் தாரி மட்டுமே தெரியும். அம்மாவை அந்தப் பாட்டிக்குப் பக்கத்தில்தான் இருத்தப் போகிறோம். இரண்டு கிழவிகளும் வாய் திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அபிராமி, தாரியில் கேள்வி கேட்பது எப்படி என்று எல்லாருக்கும் விளங்கும்படி எழுது.

மலர்: அக்கா, எனக்கும் அது வேண்டும். நான் வெள்ளி இரவே பாரிஸிலிருந்து வந்துவிடுவேன். ஏலக்காய் எவ்வளவு வாங்கி வர வேண்டும்?

சிவா: குழுவின் விதியை நினைவூட்டுகிறேன். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவர்கள் முன்னறிவிப்பின்றி நீக்கப்படுவார்கள். தாரிச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதவும்.

குகன்: மாமா, போன மாதம் என்னை நீக்கிய பிறகு நான் ஒரு முறைகூட அந்தப் பிழையைச் செய்யவில்லை.

அபிராமி: எழுதுகிறேன், அம்மா. முதலில் எல்லாரும் பயத்தை விடுங்கள். ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விக்குத் தாரியில் வாக்கியத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஜெர்மனில் வினைச்சொல்லைத் தூக்கி முன்னால் வைக்கிற தொல்லை இங்கே கிடையாது. நம் தமிழைப் போலவே எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசைதான். 'ஷோமா ச்சாய் மேகோரேன்' என்றால் 'நீங்கள் தேநீர் குடிக்கிறீர்கள்' என்று பொருள். அதே சொற்களை அதே வரிசையில் வைத்து, கடைசி அசையில் குரலை உயர்த்திவிட்டால் அது 'குடிக்கிறீர்களா?' ஆகிவிடும். 'மேகோரேன்' என்பதில் உள்ள ககரத்தைத் தொண்டையிலிருந்து உராய்ந்து வரும்படி சொல்லுங்கள். நான் 'ச்ச' என்று எழுதும் இடங்களில் 'பச்சை' என்ற சொல்லில் வருகிற ஒலியைப் போடுங்கள்.

குகன்: அவ்வளவுதானா, அக்கா?

சிவா: அப்படியானால் வினா எழுத்து எங்கே? நமக்கு எ, யா என்பவை சொல்லின் முதலில் வரும். ஆ, ஓ என்பவை இறுதியில் வரும். ஏ இரண்டு இடத்திலும் வரும். வினாவுக்கென்று ஓர் எழுத்தும் இல்லாத மொழியில் மனிதர்கள் எப்படிச் சண்டை பிடிக்கிறார்கள்?

அபிராமி: மாமா, வினாவுக்கென்று 'ஆயா' என்றொரு சொல் இருக்கிறது. அது வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும்: 'ஆயா ஷோமா ச்சாய் மேகோரேத்?' ஆனால் அது எழுத்திலும் செய்தி வாசிப்பிலும் மேடையிலும் வருவது. வீட்டுக்கு வந்த பாட்டியிடம் அப்படிக் கேட்டால், தேநீர் கொடுக்கும் இடத்தில் அறிக்கை வாசிப்பதாக இருக்கும். வினைச்சொல்லின் முடிவையும் கவனியுங்கள்: எழுத்தில் 'மேகோரேத்', காபூல் பேச்சில் 'மேகோரேன்'.

மலர்: ஷோமா ச்சாய் மேகோரேனா?

அபிராமி: சித்தி, அந்த ஆகாரத்தைத் தயவுசெய்து போடாதீர்கள். தமிழர் தாரி பேசும்போது வாய் தானாகவே அந்த 'ஆ'வை ஒட்டிவிடுகிறது. காபூல் பேச்சில் செயப்படுபொருளைக் காட்டும் 'ரா' என்னும் உருபு தேய்ந்து, பெயர்ச்சொல்லின் பின்னால் வெறும் அகரமாக ஒலிக்கும். ஆகவே பெயர்ச்சொல்லோடு நீங்கள் ஒட்டும் 'ஆ' அவர்களுடைய காதில் வேறு வேலை செய்யத் தொடங்கிவிடும். குரல் மட்டும் ஏறினால் போதும். (குரல் பதிவு, 9 நொடி)

ராணி: குரல் பதிவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறது என்கிறார். ஆனால் 'மேகோரேன்' என்பது 'நான் சாப்பிடுகிறேன்' என்பதைப் போலக் கேட்கிறதே என்று சந்தேகப்படுகிறார்.

அபிராமி: அம்மம்மாவின் காது கூர்மையானது. தமிழில் 'ஏன்' என்று முடிந்தால் அது நான். காபூல் தாரியிலோ அது நீங்கள். 'நான் குடிக்கிறேன்' என்பதற்கு அவர்கள் 'மேகோரும்' என்பார்கள், அது நமக்கு 'அது வரும், போகும்' என்பதைப் போலக் கேட்கும். அம்மம்மா 'ச்சாய் மேகோரும்?' என்று கேட்டுவிட்டால், தான் தேநீர் குடிக்கலாமா என்று விருந்தாளியிடம் அனுமதி கேட்பதாகப் போய்விடும். கேள்விக்கு 'ஏன்' என்ற முடிவையே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மலர்: ஏலக்காய் எவ்வளவு என்று கேட்டிருந்தேன்.

குகன்: யார், எங்கே, எப்போது என்பவற்றை எங்கே வைக்க வேண்டும், அக்கா? முன்னாலா, பின்னாலா?

அபிராமி: அதுவும் நமக்கு எளிதுதான், குகன். வினாச் சொல்லை வாக்கியத்தின் முன்னால் இழுக்க வேண்டாம். பதில் எந்த இடத்தில் வருமோ அந்த இடத்திலேயே, பெரும்பாலும் வினைச்சொல்லுக்குச் சற்று முன்னால், வைத்தால் போதும். 'ஷோமா அஸ் கோஜா அஸ்தேன்?' என்பது 'நீங்கள் எங்கிருந்து?' என்பதற்குச் சொல்லுக்குச் சொல் நேர். தமிழில் இந்தச் சொற்கள் பெரும்பாலும் எகரத்தில் தொடங்குகின்றன. தாரியில் அவை இரண்டு வீட்டுப் பிள்ளைகளாகப் பிரிந்து நிற்கின்றன. ககர வீட்டில் கீ என்றால் யார், கய் என்றால் எப்போது, கோஜா என்றால் எங்கே, கொதாம் என்றால் எது. ச்சகர வீட்டில் ச்சீ என்றால் என்ன, ச்செரா என்றால் ஏன், ச்செதோர் என்றால் எப்படி, ச்சந்த் என்றால் எத்தனை. பின்னால் 'அஸ்த்' சேரும்போது ஒட்டிக்கொள்ளும்: கீஸ்த், ச்சீஸ்த், கோஜாஸ்த்.

ராணி: என்ன என்பதற்குச் 'ச்சீ'யா?

அபிராமி: ஆம், அம்மா. பாட்டிக்குக் காது சற்று மந்தம். நீங்கள் சொன்னது விளங்காவிட்டால் உங்கள் முகத்தைப் பார்த்து 'ச்சீ?' என்பார். தயவுசெய்து எவரும் முகம் சுளிக்க வேண்டாம்.

மலர்: லோகன் அத்தானுக்கு இதை இரண்டு முறை சொல்லி வையுங்கள். அவருடைய முகம் சும்மா இருக்கும்போதே சுளித்துத்தான் இருக்கும்.

ராணி: அவர் எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார், மலர்.

சிவா: கீ, கய் என்ற இரண்டையும் அவர்கள் எழுத்தில் எப்படி வேறுபடுத்துகிறார்கள்?

அபிராமி: வேறுபடுத்துவதில்லை, மாமா. அரபு எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிட்டு, இடம் பார்த்து வாசிக்கிறார்கள். 'கீ ஆமத்?' என்றால் யார் வந்தார், 'கய் ஆமத்?' என்றால் எப்போது வந்தார். உங்கள் விதி இங்கே உண்மையாகவே உதவுகிறது. ஈரானில் பேசும் பாரசீகத்தில் கலந்துபோன ஏகாரமும் ஈகாரமும் தாரியில் இன்னும் பிரிந்தே ஒலிக்கின்றன; ஷேர் என்றால் சிங்கம், ஷீர் என்றால் பால், இரண்டுக்கும் அவர்கள் எழுத்தில் ஒரே வடிவம். தமிழ் எழுத்து அதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

சிவா: இதைத்தான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன், எவரும் கேட்பதில்லை. இருக்கட்டும். தாரி, பாரசீகம் இரண்டும் ஒன்றா, வேறா?

அபிராமி: அடிப்படையில் ஒரே மொழிதான், மாமா. ஆப்கானிஸ்தானில் அதற்குத் தாரி என்ற பெயரை அரசு 1964 அரசியலமைப்பில் எழுதியது. ஃபரீதின் தாத்தா வீட்டில் பார்சி என்றுதான் சொல்வார். அதைப் பற்றி அவரிடம் கேட்டால் மாலை முழுவதும் அதிலேயே போய்விடும், ஆகவே கேட்க வேண்டாம்.

குகன்: 'ச்சந்த்' என்பதை வைத்து ஒரு வாக்கியம் வேண்டும், அக்கா. கடையில் பயன்படும்.

அபிராமி: 'இன் ச்சந்த் அஸ்த்?' என்றால் 'இது எவ்வளவு?' பாட்டியிடம் 'ச்சந்த் நவாசா தாரேன்?' என்று கேட்கலாம்; 'உங்களுக்கு எத்தனை பேரப்பிள்ளைகள்?' என்று பொருள். எண்ணுக்கும் ச்சந்துக்கும் பின்னால் வரும் பெயரைப் பன்மையாக்க வேண்டாம். அது அவருக்கு மிகவும் பிடித்த கேள்வி. பெயர் பெயராக விரல் மடக்கிச் சொல்லத் தொடங்குவார், அம்மம்மா தலையாட்டினால் போதும்.

சிவா: அப்படியானால் நான் 'நாமே ஷோமா ச்சீஸ்த்?' என்று பெயரைக் கேட்டுத் தொடங்குகிறேன். பெயர் கேட்பதுதானே முறை.

அபிராமி: மாமா, பாட்டியிடம் நீங்கள் அதைக் கேட்கவே கூடாது. உங்கள் வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் வேற்று ஆண் ஒரு பெண்ணின் பெயரைக் கேட்பது அங்கே பல குடும்பங்களில் இன்றும் மரியாதைக் குறைவாகவே எண்ணப்படுகிறது. திருமண அழைப்பிதழிலும் கல்லறையிலும்கூடப் பெண்ணின் பெயரை எழுதாமல், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதுகிற வழக்கம் பரவலாக இருந்தது. அதை எதிர்த்து ஹெராத்தைச் சேர்ந்த இளம் பெண்கள் 2017 இல் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அதன் பெயரே ஒரு கேள்வி வாக்கியம்: 'நாமம் கோஜாஸ்த்?' நாம் என்றால் பெயர், கடைசி 'அம்' என்றால் என்னுடைய, கோஜாஸ்த் என்றால் எங்கே இருக்கிறது. அதன் விளைவாக 2020 செப்டம்பரில், அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு தாயின் பெயரையும் சேர்க்கும் சட்டத் திருத்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறிவிட்டது. ஃபரீதின் அம்மா இதைப் பற்றி என்னிடம் நிறையப் பேசியிருக்கிறார், ஆனால் பாட்டி பழைய காலத்தவர். எல்லாரும் அவரை 'பீபி ஜான்' என்றே அழையுங்கள்.

மலர்: நம் அம்மாவின் பெயரைக் கல்யாண அழைப்பிதழில் அப்பா போடவில்லை என்று அம்மா இன்னமும் சொல்லிக்காட்டுகிறார். பீபி ஜானும் அம்மாவும் நன்றாக ஒத்துப்போவார்கள்.

ராணி: மலர், இப்போது அது எதற்கு?

சிவா: நான் வருவதே இன்னும் முடிவாகவில்லை. ஆகவே நான் எவரிடமும் எந்தப் பெயரையும் கேட்கப் போவதில்லை.

ராணி: அண்ணா, டொரன்டோவிலிருந்து விமானச்சீட்டு எடுத்துவிட்டீர்கள் என்று அண்ணி சொன்னாரே?

சிவா: சீட்டு எடுப்பது வேறு, வருவது வேறு. மூத்தவளின் தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்குக்கு எனக்கு முதல் நாள் இரவு குறுஞ்செய்தி வந்தது. தாய்மாமனுக்கு.

அபிராமி: மாமா, தாரியிலும் தாயுடன் பிறந்தவரை 'மாமா' என்றுதான் சொல்வார்கள். பாட்டி வந்து அமர்ந்ததும் 'மாமா கோஜாஸ்த்?' என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

மலர்: நல்ல கேள்வி. இலக்கணமும் சரியாக இருக்கிறது.

குகன்: நீ, நீங்கள் என்ற வேறுபாடு உண்டா, அக்கா?

அபிராமி: உண்டு. 'து' என்றால் நீ, 'ஷோமா' என்றால் நீங்கள். 'து கூப் அஸ்தீ?' என்று உன் வயதுப் பையன்களிடம் கேட்கலாம். பெரியவர்கள் எல்லாருக்கும் ஷோமாதான். இன்னொன்று முக்கியம். வாசலில் அவர்கள் நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே வருவார்கள்: 'ச்செதோர் அஸ்தேன்? கூப் அஸ்தேன்? ஜோர் அஸ்தேன்? ஃபாமீல் கூப் அஸ்த்?' எப்படி இருக்கிறீர்கள், நலமா, உடம்புக்குச் சுகமா, குடும்பத்தார் நலமா என்பவைதான் அவை. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அவர்களும் எதிர்பார்க்க மாட்டார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்காகக் காத்திராமல் நீங்களும் அதே நேரத்தில் அதே கேள்விகளைத் திருப்பிக் கேட்க வேண்டும். அப்பா வழக்கம்போல் முழங்கால் வலியிலிருந்து தொடங்கினால் வாசலிலேயே ஷீரீனி ஆறிப்போகும்.

ராணி: அப்பா சிரிக்கிறார்.

அபிராமி: 'மாந்தா நபாஷேன்' என்று ஒன்று சொல்வார்கள். அது கேள்வியன்று, களைப்படையாதிருங்கள் என்ற வாழ்த்து. அதற்கு 'ஜிந்தா பாஷேன்' என்று பதில் சொல்லுங்கள், நீங்கள் வாழ வேண்டும் என்று பொருள்.

மலர்: பச்சைத் தேநீரா, கறுப்பா என்று எப்படிக் கேட்பது? அது தெரிந்தால்தான் ஏலக்காய்க்கு வழி பிறக்கும்.

அபிராமி: 'ச்சாயே சப்ஸ் மேகோரேன் யா ச்சாயே சியா?' என்று கேளுங்கள், சித்தி. நடுவில் உள்ள 'யா' என்பது 'அல்லது'. ஏலக்காய்க்கு 'ஹேல்' என்று பெயர். முதல் தடவை 'நே, தஷக்கோர்', அதாவது 'வேண்டாம், நன்றி' என்பார்கள். அதை நம்பிக் குவளையை எடுத்துச் சென்றுவிடாதீர்கள். எதிர்மறையாக்கி 'ச்சாய் நமேகோரேன்?', 'குடிக்க மாட்டீர்களா?' என்று மறுபடியும் கேளுங்கள்.

குகன்: 'நே' என்பதைச் சிங்களவர்போல் வாக்கியத்தின் கடைசியில் சேர்க்கலாமா?

அபிராமி: சேர்க்கலாம். 'கூப் அஸ்த், நே?' என்றால் 'நன்றாக இருக்கிறது, இல்லையா?' வடை கொடுத்துவிட்டு அம்மம்மா அதையே கேட்கட்டும்.

ராணி: அம்மா மூன்றை மட்டும் மனப்பாடம் செய்வதாகச் சொல்கிறார்: நலமா, எத்தனை பேரப்பிள்ளைகள், வடை நன்றாக இருக்கிறதா. பக்கத்தில் உட்காரலாமா என்பதையும் கேட்க விரும்புகிறார்.

அபிராமி: 'இன்ஜா ஷிஷ்தா மேதானும்?' இங்கே மட்டும் 'உம்' முடிவு வரும், ஏனென்றால் முடியுமா என்று தன்னைப் பற்றித்தானே கேட்கிறார். (குரல் பதிவு, 6 நொடி)

ராணி: சரி. இனிப்புத் தட்டை யார் கொடுப்பது என்பதை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் முதியவர் கேட்பார், எங்கள் பக்கத்திலும் முதியவர் கொடுப்பதே அழகு. அண்ணா?

லோகன்: மச்சான், சனிக்கிழமை வருகிறீர்கள்.

சிவா: லோகன், இது கேள்வியா, கட்டளையா? எழுத்தில் குரல் ஏறியதா, இறங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. குரல் பதிவாக அனுப்பவும்.

லோகன்: (குரல் பதிவு, 4 நொடி)

சிவா: கடைசி அசை ஏறவில்லை. மறுபடியும் அனுப்பவும்.

மலர்: அண்ணா பதிவைக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். அபிராமி, ஹேல் நூறு கிராம் போதுமா, இருநூறா?

ராணி: நூறு போதும் என்று நினைக்கிறேன். அவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

அபிராமி: 'ச்சந்த் நஃபர்?' என்று நானே கேட்கிறேன், அம்மா. இருபதுக்குக் குறையாது.