நியாயமான போர்னு ஒண்ணு இன்னும் இருக்கா, இல்ல திருச்சபை அதை கைவிட்டுடுச்சா?

மாலைவெளி:
சில நிபந்தனைகள் நிறைவேறினா போர் நியாயமாகலாம்ங்கிற கத்தோலிக்க கோட்பாடு பத்தி ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு, கேட்டுடறேன். திருத்தந்தை பிரான்சிஸ் 2020ல வெளியிட்ட "அனைவரும் உடன்பிறந்தோர்" சுற்றுமடல்ல 258வது பத்தியை படிச்சிருப்பீங்க. பழைய நூற்றாண்டுகள்ல உருவாக்கின அளவுகோல்களை வச்சுக்கிட்டு இன்னைக்கு "நியாயமான போர்"னு பேசுறது ரொம்ப கஷ்டம்னு எழுதுறாரு, இனி ஒருபோதும் போர் வேண்டாம்னு முடிக்கிறாரு. அடிக்குறிப்பு இன்னும் ஒரு படி மேல, ஆரம்பகால திருச்சபையோட பெரிய இறையியலாளர் புனித அகுஸ்தினார் உருவாக்கின அந்த கருத்தை நம்ம காலத்துல நாம ஏத்துக்கிறதில்லைன்னு நேரடியாவே இருக்கு. அதே அடிக்குறிப்புல அகுஸ்தினாரோட இன்னொரு வரியையும் போட்டிருக்காரு, வாளால மனுஷங்களை கொல்றதை விட வார்த்தையால போரையே கொல்றது பெரிய மகிமைன்னு. என் கருத்து, இதோட அந்த கோட்பாடு முடிஞ்சது, முடியவும் வேணும். மலைப்பொழிவை வாசிச்சுட்டு உடனே எந்த போர் நியாயம்னு கணக்கு போட உக்காருறது எனக்கு ஒட்டவே மாட்டேங்குது. எதிர்க்கருத்து இருந்தா சொல்லுங்க.

பழையசிப்பாய்:
முடியலம்மா, முடியவும் கூடாது. நான் யூனிஃபார்ம் போட்டு வேலை பார்த்தவன், அதனால எனக்கு இது ஏட்டுச்சுரைக்காய் இல்ல. லூக்கா 3:14 எடுத்து பாருங்க, படைவீரங்க வந்து நாங்க என்ன செய்யணும்னு திருமுழுக்கு யோவான்கிட்ட கேக்குறாங்க, யாரையும் மிரட்டி பணம் பறிக்காதீங்க, வாங்குற சம்பளத்தோட நில்லுங்கன்னு சொன்னாரே தவிர வேலையை விட்டுட்டு போங்கன்னு சொல்லல. ரோமப் படையில நூற்றுவர் தலைவரா இருந்தவரோட நம்பிக்கையை இயேசுவே புகழ்ந்தாரு. மறைக்கல்வி நூல்ல, அதாவது கத்தோலிக்க போதனைகளை எண் போட்டு தொகுத்த அதிகாரபூர்வ நூல்ல, 2310வது பத்தியில படையில இருக்குறவங்க கடமையை நேர்மையா செஞ்சா பொதுநலனுக்கும் அமைதிக்கும் உதவுறாங்கன்னு தெளிவா இருக்கு, 2265ல அடுத்தவங்க உயிருக்கு பொறுப்பா இருக்குறவங்களுக்கு தற்காப்பு உரிமை மட்டும் இல்ல பெரிய கடமையாவும் இருக்கலாம்னு இருக்கு. என் கன்னத்தை நான் திருப்பி காட்டலாம், என்னை நம்பி பின்னாடி நிக்கிற குழந்தையோட கன்னத்தை காட்ட எனக்கு யாரு உரிமை குடுத்தா? அகுஸ்தினாரே இதைத்தான் யோசிச்சாரு, தன் உயிரை காப்பாத்திக்க தனி ஆள் ஒருத்தன் இன்னொருத்தனை கொல்றதை அவர் ஏத்துக்கல, மத்தவங்களை காக்க அதிகாரத்தோட நிக்கிற படைவீரனைத்தான் ஏத்துக்கிட்டாரு. சண்டைக்கு ஆசைப்பட்டவர் எழுதினது இல்ல அது.

கேள்விக்காரன்:
நான் கத்தோலிக்கன் இல்ல, முதல்லயே சொல்லிடறேன், வரலாறு படிக்கிறவன்ங்கிற முறையில கேக்குறேன். 1095ல கிளர்மோன்ல திருத்தந்தை இரண்டாம் உர்பான் சிலுவைப்போருக்கு கூப்பிட்டாரு, 1099ல ஜெருசலேம்ல முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டி சாய்ச்சாங்க, 1204ல கான்ஸ்டான்டிநோபிள்ல கிறிஸ்தவ நகரத்தையே கொள்ளையடிச்சாங்க. இதெல்லாம் நடக்கும்போது அகுஸ்தினார் எழுதி பல நூற்றாண்டு ஆகிடுச்சு. முதல் உலகப்போர்ல ஜெர்மனிக்காரனுக்கும் பிரான்ஸ்காரனுக்கும் அவங்கவங்க ஆயர்கள் ஜெபம் பண்ணி அனுப்பினாங்க, ரெண்டு பக்கமும் நியாயமான போராம். 1917 ஆகஸ்ட்ல திருத்தந்தை 15ம் பெனடிக்ட் இது பயனில்லாத படுகொலைன்னு எழுதி அனுப்பினப்போ ரெண்டு பக்கமும் காதுல போட்டுக்கல. அப்போ என் கேள்வி ஒண்ணுதான், இந்த நிபந்தனைகளால எந்த போர் நின்னிருக்கு?

சட்டப்புள்ளி:
கேள்விக்காரன் சார், நிபந்தனை என்னன்னு முதல்ல முழுசா வச்சுட்டு பேசுவோம். இறையியலாளர் அக்குவினா தோமா 13ம் நூற்றாண்டுல மூணு சொன்னாரு, முறையான அதிகாரம், நியாயமான காரணம், நேர்மையான நோக்கம். இன்னைக்கு மறைக்கல்வி 2309ல இருக்குறது அதை விட இறுக்கம். எதிரி செஞ்ச சேதம் நீடிச்சதா, கடுமையானதா, உறுதியானதா இருக்கணும், மத்த எல்லா வழியும் பலிக்காதுன்னு தெரிஞ்சிருக்கணும், வெற்றிக்கு உண்மையான வாய்ப்பு இருக்கணும், ஒழிக்க போற தீமையை விட பெரிய தீமை ஆயுதத்தால வரக்கூடாது, நவீன ஆயுதங்களோட அழிவு சக்தியை இதுல ரொம்ப கனமா எடைபோடணும். இது எல்லாமே ஒரே நேரத்துல இருக்கணும், நாலுல மூணு பாஸ்னு கிடையாது. மாலைவெளி மேடம் சொன்ன 258வது பத்தி இந்த தற்காப்பு சாத்தியத்தை மறைக்கல்வி சொல்லுதுன்னு ஒத்துக்கிட்டுத்தான், அதை இஷ்டத்துக்கு அகலமா விளக்கிக்கிறாங்கன்னு கண்டிக்குது. மறைக்கல்வியில மரண தண்டனை பத்தின 2267ஐ 2018ல பிரான்சிஸ் மாத்தினாரு, 2309 மேல கை வைக்கல. கைவிடணும்னு நினைச்சிருந்தா அதையும் மாத்தியிருக்கலாமே.

எந்த போர் நின்னுச்சுன்னு கேட்டீங்க. நிக்காத ஒண்ணையே சொல்றேன், 2003 ஈராக். அடுத்தவன் அடிக்கிறதுக்கு முன்னாடி நாம அடிச்சுடலாம்ங்கிற கருத்தே மறைக்கல்வியில இல்லைன்னு அப்போ கர்தினாலா இருந்த, பின்னாடி திருத்தந்தை 16ம் பெனடிக்ட் ஆன ராட்சிங்கர் 2002லயே சொன்னாரு. 2003 மார்ச் 5ம் தேதி திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், கர்தினால் பியோ லாகியை அமெரிக்க அதிபர் புஷ்கிட்ட கடிதத்தோட நேர்ல அனுப்பினாரு. ரெண்டு வாரத்துல பாக்தாத்ல குண்டு விழுந்துச்சு. அப்புறம் அந்த நாட்டுல நடந்தது எல்லாருக்கும் தெரியும், ஆதி காலத்துல இருந்து அங்க வாழ்ந்துட்டு வந்த கிறிஸ்தவர்கள்ல பெரும்பகுதி ஊரை விட்டே போயிட்டாங்க. அளவுகோல் தப்பா அளக்கல, அதை பார்க்க மறுத்தவங்கதான் தப்பு.

நீலவானம்:
சட்டப்புள்ளி அண்ணா, நீங்க சொல்றதுல எனக்கு ஒரு பெரிய குறை தெரியுது, "மத்த எல்லா வழியும்"னு ஒரு வரியில கடந்து போயிடறோம், அந்த வழிகளுக்கு நாம எவ்வளவு உழைச்சோம்? 1986 பிப்ரவரியில மணிலால கர்தினால் ஜெய்மி சின் ரேடியோ வெரிதாஸ்ல பேசி, அதிபர் மார்கோஸை எதிர்த்துட்டு முகாமுக்குள்ள மாட்டிக்கிட்ட படையினரை காப்பாத்த வாங்கன்னு ஜனங்களை கூப்பிட்டாரு, லட்சக்கணக்குல வந்து ரோட்டை அடைச்சு நின்னாங்க, டாங்கி முன்னாடி கன்னியாஸ்திரீங்க முழங்கால்ல நின்னு ஜெபமாலை சொன்னாங்க, படைவீரங்களுக்கு பூவும் சாப்பாடும் குடுத்தாங்க, நாலு நாள்ல மார்கோஸ் நாட்டை விட்டு ஓடிட்டாரு. திருத்தந்தை பிரான்சிஸோட 2017 உலக அமைதி நாள் செய்தியோட தலைப்பே வன்முறையின்மையை அமைதிக்கான அரசியல் பாணியா எடுக்கணும்ங்கிறது. போருக்கு ராணுவ கல்லூரி, பட்ஜெட், ஆராய்ச்சி எல்லாம் இருக்கு, வன்முறை இல்லாத எதிர்ப்புக்கு என்ன இருக்கு? பயிற்சியே எடுக்காம பலிக்காதுன்னு சொல்றது நியாயம் இல்ல.

இன்னொண்ணு, கன்னத்தை காட்டுறதுன்னா சும்மா அடி வாங்குறதுன்னு அர்த்தம் எடுக்காதீங்க. தலைமைக்குரு முன்னாடி காவலன் அறைஞ்சப்போ இயேசு "ஏன் என்னை அடிக்கிறாய்"னு நேருக்கு நேர் கேட்டாரு, யோவான் 18:23. அடங்கியும் போகல, திருப்பியும் அடிக்கல.

பழையசிப்பாய்:
நீலவானம், மணிலா பத்தி எனக்கும் மரியாதை உண்டு, ஆனா ஒண்ணு யோசிங்க. அந்த டாங்கிக்குள்ள இருந்தவனும் அதே ஜெபமாலை சொல்லி வளர்ந்தவன், முன்னாடி நிக்கிறவங்களை தன் ஜனம்னு பார்த்தான், அதனால கை நின்னுச்சு. உன்னை மனுஷனாவே மதிக்காதவன் வரும்போது? 2022ல உக்ரைன் போர் நடக்கும்போது செப்டம்பர்ல கஜகஸ்தான்ல இருந்து திரும்புற விமானத்துல பிரான்சிஸ்கிட்ட ஆயுதம் குடுக்கலாமான்னு கேட்டாங்க, ஒழுக்க நிபந்தனைகளுக்கு உட்பட்டு குடுத்தா ஏத்துக்கலாம்னாரு, தற்காத்துக்கிறது நாட்டுப்பற்றோட வெளிப்பாடுன்னும் சொன்னாரு. 258வது பத்தியை எழுதினவரும் அதே ஆள்தான்.

கேள்விக்காரன்:
சரி, அப்போ என் அடுத்த கேள்விக்கு பதில் சொல்லுங்க. 2309ஐ இப்போ எடுத்து படிச்சேன், கடைசி வரியை யாரும் சொல்லவே இல்ல. இந்த நிபந்தனைகள் நிறைவேறிச்சான்னு முடிவு பண்றது பொதுநலனுக்கு பொறுப்பா இருக்குறவங்களோட விவேகத்தை சேர்ந்ததுன்னு இருக்கு. அதாவது அரசாங்கம். போருக்கு துடிக்கிறவன் கையிலயே தீர்ப்பை குடுத்துட்டு, அப்புறம் கடிதம் அனுப்பி என்ன பிரயோஜனம்? சாதாரண ஆளு, படைக்கு வரச்சொல்லி லெட்டர் வந்தா போய் வரிசையில நிக்க வேண்டியவன், அவனுக்கு இந்த போதனை என்ன சொல்லுது?

நீலவானம்:
இந்த கேள்விக்கு ஒரு மனுஷனையே பதிலா காட்டுறேன், ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். ஆஸ்திரியாவுல சங்க்ட் ராடெகுண்ட்ங்கிற சின்ன கிராமத்துல விவசாயி, கோயில்ல உபதேசியார் மாதிரி வேலையும் பார்த்தவர், மனைவி ஃபிரான்சிஸ்கா, மூணு பொண்ணுங்க. ஹிட்லரோட போர் அநியாயம், அதுல நான் சண்டை போட முடியாதுன்னு முடிவு பண்ணாரு, பங்கு குருகிட்ட பேசினாரு, லின்ஸ் ஆயரையே போய் பார்த்தாரு, ஆயர் உனக்கு குடும்பம் இருக்கு, அரசாங்க முடிவுக்கு நீ பொறுப்பு இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாரு. 1943 மார்ச்ல ராணுவ முகாமுக்கு போய் சண்டை போட மாட்டேன்னு சொன்னாரு, காயம்பட்டவங்களுக்கு மருத்துவ உதவி செய்ற வேலைன்னா வரேன்னும் சொன்னாரு, அதை ஏத்துக்கல. ஆகஸ்ட் 9ம் தேதி பிராண்டன்பர்க்ல தலையை வெட்டிட்டாங்க, 36 வயசு. முந்தின ராத்திரி பார்க்க போன குரு சொன்னது, மேஜை மேல ஒரு பேப்பர் இருந்துச்சாம், கையெழுத்து போட்டா உயிர் பிழைக்கலாம், அவர் அதை தள்ளி வச்சுட்டு, அநியாயமான போர் நடத்துற அரசாங்கத்துக்கு என்னால சத்தியம் பண்ண முடியாதுன்னு சொன்னாராம். 2007ல லின்ஸ்ல அவரை அருளாளரா, அதாவது புனிதர் நிலைக்கு முந்தின படியில, அறிவிச்சப்போ ஃபிரான்சிஸ்கா 94 வயசுல அங்க இருந்தாங்க. எனக்கு இதை எழுதும்போதே கண்ணு கலங்குது, அந்த அம்மாவும் ஊர்ல எத்தனை ஏச்சு பேச்சு கேட்டிருப்பாங்க, போருக்கு அப்புறம் அவங்களுக்கு விதவை பென்ஷன் கூட ரொம்ப நாள் குடுக்கல.

கேள்விக்காரன்:
மனுஷனுக்கு தலை வணங்குறேன். ஆனா பாருங்க, திருச்சபை அவர்கிட்ட போருக்கு போன்னுதான் சொன்னுச்சு. 64 வருஷம் கழிச்சு அருளாளர்னு சொன்னா அந்த ராத்திரி அவரு தனியா இருந்தது மாறிடுமா?

பழையசிப்பாய்:
மாறாது. அந்த ஆயர் சொன்னது தப்புன்னு நானும் சொல்றேன். ஆனா மாலைவெளி, நீங்க இதை கவனிக்கணும், யேகர்ஸ்டேட்டர் எல்லா போரும் தப்புன்னு சொல்லி சாகல. *இந்த* போர் அநியாயம்னு சொன்னாரு. அப்படி சொல்ல எதை வச்சு அளந்தாரு? நியாயமான போர்னு ஒரு அளவு இருந்தாத்தானே ஒரு போரை பார்த்து இது அநியாயம்னு விரல் நீட்ட முடியும். அதை தூக்கி போட்டுட்டா என்ன ஆகும்னா, பூரண அகிம்சைக்காரங்க ஒரு ஓரமா நிப்பாங்க, மத்த 99 பேரு கவர்ன்மென்ட் சொன்னா சரிதான்னு கிளம்பிடுவாங்க. நான் சர்வீஸ்ல இருந்தப்போ எனக்கு அதிகமா தேவைப்பட்டது இந்த நடு இடம்தான், இதுக்கு வருவேன் இதுக்கு வரமாட்டேன்னு சொல்ற இடம்.

சட்டப்புள்ளி:
அண்ணா சொன்னது புதுசு இல்ல, 1539லயே பிரான்சிஸ்கோ தெ வித்தோரியாங்கிற டொமினிக்கன் சபை குரு சலமான்கால பாடம் நடத்தும்போது சொன்னதுதான். போர் அநியாயம்னு ஒரு குடிமகனுக்கு மனசாட்சியில உறுதியா தெரிஞ்சா, அரசன் கட்டளையிட்டாலும் அவன் போகக்கூடாதுன்னு சொன்னாரு. ஸ்பெயின் அமெரிக்காவை பிடிச்சதுல பூர்வகுடிகளுக்கு நடந்த கொடுமையை கேள்வி கேட்டவர் அவரு, தன் ராஜாவோட நாட்டுல உக்காந்துக்கிட்டே. அதனால 2309 கடைசி வரி ஆள்றவனுக்கு பொறுப்பை குடுக்குது, குடிமகனோட மனசாட்சியை பிடுங்கல. 2313ல கூட இனத்தையே அழிக்க சொல்ற கட்டளையை எதிர்க்கிறது ஒழுக்க கடமைன்னு இருக்கு.

மாலைவெளி:
பழையசிப்பாய் ஐயா, அளவுகோல் மறுக்கிறதுக்கு உதவும்ங்கிறது வலுவான வாதம், அதை ஒதுக்க மாட்டேன். ஆனா அனுமதிக்கிறதுக்கு அது உதவுற காலம் போயிடுச்சுங்கிறதுல நான் நிக்கிறேன். 1945 ஆகஸ்ட் 9, நாகசாகி. ஜப்பான்ல கத்தோலிக்கர்கள் அதிகமா இருந்த இடம் உரக்கமி, கிறிஸ்தவத்துக்கு தடை இருந்தப்போ 250 வருஷத்துக்கு மேல ஒளிஞ்சு மறைஞ்சு விசுவாசத்தை காப்பாத்தின ஜனங்க, குண்டு வெடிச்சது அவங்க பேராலயத்துல இருந்து சுமார் 500 மீட்டர்ல, உள்ள ஒப்புரவுக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) வந்திருந்தவங்களும் குருக்களும் அங்கேயே செத்தாங்க. விமானத்தை ஓட்டின சார்ல்ஸ் ஸ்வீனியும் கத்தோலிக்கர். அந்த படைப்பிரிவுக்கு ஆன்ம குருவா இருந்த ஜார்ஜ் சபெல்கா பிற்காலத்துல, நான் அப்போ வாய் திறக்காம இருந்தது தப்புன்னு பகிரங்கமா சொல்லி அகிம்சைக்கு திரும்பினாரு. அளவுகோல் அன்னைக்கும் புத்தகத்துல இருந்துச்சே ஐயா? 1965ல இரண்டாம் வத்திக்கான் சங்கம், நகரங்களை ஜனங்களோட சேர்த்து அழிக்கிற எந்த செயலும் கடவுளுக்கும் மனுஷனுக்கும் எதிரான குற்றம்னு சொன்னதும், 2019ல பிரான்சிஸ் ஹிரோஷிமால நின்னு அணு ஆயுதத்தை வச்சிருக்கிறதே ஒழுக்கக்கேடுன்னு சொன்னதும் இதைப் பார்த்துட்டுத்தான். இன்னைக்கு எந்த பெரிய போர்ல பொதுமக்கள் சாகாம இருக்காங்க, சொல்லுங்க.

பழையசிப்பாய்:
நாகசாகிக்கு என்கிட்ட பதில் கிடையாது, அது கொலை, எந்த நிபந்தனையாலயும் அதை நியாயப்படுத்த முடியாது. புத்தகத்துல இருந்துச்சுன்னு சொன்னீங்களே, அதான் என் ஆத்திரமும். அந்த பைலட்டுக்கும் அந்த குருவுக்கும் அதை சின்ன வயசுல இருந்து யாராவது சொல்லி குடுத்தாங்களா? படைக்கு போற பையனுக்கு உறுதிப்பூசுதல் வகுப்புல இந்த நாலு நிபந்தனையை சொல்லி குடுக்கிற பங்கு எத்தனை இருக்கு?

சட்டப்புள்ளி:
சொல்லி குடுத்தாலும் அடுத்த சுவர் ஒண்ணு இருக்கு, அதுதான் சட்டம். வியட்நாம் போர் சமயத்துல லூயி நெக்ரேங்கிற கத்தோலிக்கர், என் திருச்சபை போதனைப்படி இது அநியாயமான போர், இதுக்கு மட்டும் வரமாட்டேன்னு அமெரிக்க கோர்ட்டுக்கு போனாரு. 1971ல உச்ச நீதிமன்றம் 8க்கு 1ன்னு மறுத்துடுச்சு, எல்லா போரையும் எதிர்க்கிறவனுக்குத்தான் ராணுவ சேவையில இருந்து விலக்கு, ஒரு போரை மட்டும் எதிர்க்கிறவனுக்கு கிடையாதுன்னு. அதாவது அகிம்சைக்காரருக்கு சட்டத்துல இடம் இருக்கு, மறைக்கல்வியை ஒழுங்கா படிச்ச கத்தோலிக்கனுக்கு இல்ல. அமெரிக்க ஆயர்கள் 1968லயும் 1971லயும் இந்த விலக்கு வேணும்னு கேட்டாங்க, இன்னும் கிடைக்கல.

கேள்விக்காரன்:
இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் பாதி கேள்வி கேட்டிருக்க மாட்டேன். இது கத்தோலிக்கருக்கு மட்டும் வேண்டிய உரிமை இல்லையே, கடவுள் நம்பிக்கை இல்லாத எனக்கும் வேணும். நீங்க கேட்டா நானும் கூட வரேன்.

மாலைவெளி:
இதுல ஐயாவுக்கும் எனக்கும் சண்டை இல்ல. கோட்பாடு இருக்கணுமா வேண்டாமாங்கிறதுல இருக்கு, அதை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். 2311ல மனசாட்சிப்படி ஆயுதம் ஏந்த மறுக்கிறவங்களுக்கு அரசு நியாயமான ஏற்பாடு செய்யணும், அவங்க வேற விதமா சமுதாயத்துக்கு சேவை செய்யணும்னு இருக்கு. ஒரு போரை மட்டும் மறுக்கிறவனுக்கும் அதுல இடம் உண்டா, சட்டப்புள்ளி?

சட்டப்புள்ளி:
ஆயுதம் ஏந்த மறுக்கிறவங்கன்னுதான் இருக்கு, எல்லா போரையும் மறுக்கிறவங்கன்னு இல்ல. என் வாசிப்புல இடம் உண்டு.